ரொக்கப் பிணையை ஒழிக்க மானியத்தை நிபந்தனையாக்கலாமா?

தொடக்கப் பதிவு: பாரிவேள்

அமெரிக்காவில் ரொக்கப் பிணை, அதாவது நீதிமன்றம் விதிக்கும் தொகையைக் கட்டினால்தான் விடுதலை என்ற முறை, ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் விசாரணை முடியும் வரை வீட்டில் இருப்பதா, சிறையில் இருப்பதா என்பதை அவர் கையிலுள்ள பணம் தீர்மானிக்கும் முறையை எந்த நியாயத்தைக் கொண்டும் காக்க முடியாது. நான் கேட்க விரும்புவது அதற்கு அடுத்த கேள்வியை. வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசு, மாநிலங்களுக்குத் தான் தரும் மானியத்தை நிறுத்துவதாகச் சொல்லி, அவற்றை ரொக்கப் பிணையைக் கைவிடச் செய்யலாமா?

இந்த யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. 2016-இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டெட் லியூ, ரொக்கப் பிணையைத் தொடரும் மாநிலங்களுக்கு பைர்ன் நினைவு நீதி உதவி மானியம் (காவல், நீதிமன்றம் போன்ற பணிகளுக்குக் கூட்டாட்சி அரசு தரும் நிதி) கிடைக்காது என்று கூறும் மசோதாவைக் கீழவையில் கொண்டுவந்தார். 2018 ஜூலையில் பெர்னி சாண்டர்ஸ் செனட்டில் கொண்டுவந்த மசோதா மூன்று காரியங்களைச் செய்ய முயன்றது: கூட்டாட்சி நீதிமன்றங்களில் ரொக்கப் பிணையை நீக்குவது, மாற்று முறையை அமைக்க விரும்பும் மாநிலங்களுக்கு மானியம் தருவது, பழைய முறையிலேயே நிற்கும் மாநிலங்களுக்கு மானியத்தை மறுப்பது. இரண்டு மசோதாக்களும் சட்டமாகவில்லை.

பிறகு 2025 ஆகஸ்ட் 25 அன்று அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். வன்முறை, பாலியல் குற்றம், கொள்ளை, சூறையாடல் போன்ற குற்றங்களுக்கும்கூட ரொக்கப் பிணையைப் பெருமளவில் நீக்கிவிட்ட மாநிலங்களையும் உள்ளாட்சிகளையும் 30 நாள்களுக்குள் பட்டியலிடும்படி அட்டர்னி ஜெனரலுக்கு அது உத்தரவிட்டது. அந்த இடங்களுக்குச் செல்லும் கூட்டாட்சி நிதியில் எவற்றை நிறுத்தி வைக்கலாம், எவற்றை முற்றாக ரத்து செய்யலாம் என்று கண்டறியும்படி மற்றத் துறைகளுக்குச் சொன்னது. ஒழிக்காதவர்களுக்கு மானியம் இல்லை என்று சிலர் எழுதி வைத்திருந்த கருவி, ஒழித்தவர்களுக்கு மானியம் இல்லை என்று திசை மாறிவிட்டது.

மானியத்தைத் தண்டனைக் கருவியாக வடிவமைத்தால் அது ஆட்சியில் அமர்பவரின் விருப்பத்துக்கேற்பத் திரும்பும் என்று நான் அஞ்சுகிறேன். மாற்று முறையைக் கட்டியெழுப்பப் பணம் கொடுப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். மறுப்பதை எதிர்க்கிறேன். நண்பர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

பதிவு 2: கயல்விழி

பாரிவேள் அவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய கணக்கில் ஒரு தரப்பினர் விடுபட்டிருக்கிறார்கள். இன்று இரவு கவுண்டிச் சிறையில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) படுத்திருப்பவர்கள் அவர்கள். அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இன்னும் எந்தக் குற்றத்துக்காகவும் தண்டிக்கப்படாதவர்கள். நியூ ஜெர்சியில் 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, அம்மாநிலச் சிறைகளில் இருந்தவர்களில் 12 விழுக்காட்டினர் 2,500 டாலர் அல்லது அதற்கும் குறைவான தொகையைக் கட்ட இயலாத ஒரே காரணத்தால் உள்ளே இருந்ததாகக் கூறியது.

இந்தத் தொகையை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வாசகர்களில் பலர் இந்த ஏற்பாட்டை அறிந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் பிணை முகவர் என்றொரு தொழில் இருக்கிறது. நீதிமன்றம் 10,000 டாலர் என்று விதித்தால், குடும்பத்தினர் முகவரிடம் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கை, அதாவது 1,000 டாலரைக் கட்டணமாகச் செலுத்துவார்கள். முழுத் தொகைக்கு முகவர் பொறுப்பேற்பார். குற்றம் சாட்டப்பட்டவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் வந்தாலும், வழக்கே தள்ளுபடியானாலும், அந்த 1,000 டாலர் திரும்பாது. உலகில் இப்படியொரு வணிகம் சட்டப்படி நடக்கும் நாடுகள் அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் மட்டுமே என்று சொல்லிவிடலாம்.

கட்ட முடியாதவர்களின் நிலை இன்னும் கொடியது. டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் சிறு குற்ற வழக்குகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரை, சிறையில் வைக்கப்பட்டவர்கள், அவர்களைப் போன்றே வழக்குப் பின்னணி கொண்டு வெளியில் இருந்தவர்களைவிட, 25 விழுக்காடு கூடுதலாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் காட்டியது. ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் வாரக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். வேலை பறிபோகும், வாடகை நிலுவையில் நிற்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இராது. அந்த நிலையில் நிரபராதியும் ஒப்புக்கொள்வார்.

நியூயார்க்கைச் சேர்ந்த காலிஃப் பிரவுடர் 2010-இல் 16 வயதில், ஒரு முதுகுப்பையைப் பறித்ததாகக் கைது செய்யப்பட்டார். பிணைத்தொகை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளை ரைக்கர்ஸ் தீவுச் சிறையில், அதில் பெரும்பகுதியைத் தனிமைச் சிறையில் கழித்தார். 2013-இல் வழக்கு கைவிடப்பட்டது. 2015-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இத்தகைய ஓர் அநீதியை நீக்கக் கூட்டாட்சி அரசிடம் ஒரு நெம்புகோல் இருக்குமானால், நாளை அது பிறர் கைக்குப் போகலாம் என்ற அச்சத்தில் இன்று அதைத் தொடாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை. மேலும், 2025 ஆணையைப் பிறப்பித்தவர்கள் 2018 மசோதாவைப் படித்துவிட்டு அந்த உத்தியைக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாம் கைகட்டி இருந்தாலும் அவர்கள் செய்திருப்பார்கள்.

பதிவு 3: தென்னவன்

இங்கே எழுதியவர்கள் இருவரும் ரொக்கப் பிணை ஒழிய வேண்டும் என்ற முடிவோடுதான் தொடங்கியிருக்கிறீர்கள். நான் அந்த முடிவில் இல்லை. கைதாகி அன்றே வெளியே வந்து மீண்டும் குற்றம் செய்தவர்களால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் அச்சம் கற்பனை அன்று. ஒரு நீதிபதியிடம் பல வழிகள் இருக்க வேண்டும். பணமும் அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். நியூயார்க் 2019-இல் சட்டம் இயற்றி, 2020 ஜனவரியில் நடைமுறைப்படுத்தி, அதே ஆண்டிலும் பின்னர் 2022, 2023 ஆண்டுகளிலும் திருத்த வேண்டி வந்ததை யாரும் மறக்கக் கூடாது. ஒரு மாநிலமே தன் சட்டத்தை இத்தனை முறை திருத்த வேண்டியிருக்கும்போது, 50 மாநிலங்களுக்கும் ஒரே அச்சை வாஷிங்டன் வார்ப்பது விவேகமாகாது.

பதிவு 4: கயல்விழி

தென்னவன் அவர்களே, பாதிக்கப்பட்டவர்களின் அச்சத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த அச்சத்தை மதிப்பதால்தான் ரொக்கப் பிணையை எதிர்க்கிறேன். 2021 நவம்பர் 21 அன்று விஸ்கான்சினின் வாக்கெஷா நகரில் கிறிஸ்துமஸ் ஊர்வலத்தின் மீது காரை ஓட்டி ஆறு பேரைக் கொன்றவர், சில நாள்களுக்கு முன்புதான் மில்வாக்கியில் 1,000 டாலர் கட்டி வெளியே வந்திருந்தார். அவரை வெளியே விட்டது ரொக்கப் பிணைதான். அவரால் பிறருக்கு ஆபத்து உண்டா என்ற கேள்வியை நேராகக் கேட்டு, சான்றுகளைப் பார்த்து, உண்டு என்றால் உள்ளே வைக்கும் விசாரணை ஒன்று நடந்திருக்க வேண்டும். அதன் இடத்தில் ஒரு தொகை இருந்தது. ஆபத்தானவரிடம் பணம் இருந்தால் அவர் வெளியே. ஆபத்தற்றவரிடம் பணம் இல்லாவிட்டால் அவர் உள்ளே. பாதுகாப்பைப் பற்றி இந்த முறை எதையுமே சொல்வதில்லை.

நியூயார்க்கைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் பிணை குறித்த முடிவில் ஒருவரால் விளையக்கூடிய ஆபத்தைக் கருதவே அம்மாநிலச் சட்டம் நீதிபதிகளுக்கு இடம் தந்ததில்லை. சீர்திருத்தத்துக்கு முன்பும் தரவில்லை, பின்பும் தரவில்லை. அது நியூயார்க்குக்கே உரிய குறை.

பதிவு 5: மாறன்வழுதி

சட்டக் கோணத்தையும் பார்த்துவிடுவது நல்லது. அது தெளிவானால் பாரிவேள் எழுப்பிய கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

மாநில அரசுக்கு நேரடியாக ஆணையிடும் அதிகாரம் கூட்டாட்சி அரசுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1992-இலும் 1997-இலும் உறுதியாகக் கூறியது. எனவே “நீங்கள் ரொக்கப் பிணையை ஒழியுங்கள்” என்று ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்கு உத்தரவிட முடியாது. பணத்தோடு நிபந்தனை வைக்கலாம். இதற்கு அடிப்படை 1987-இன் தெற்கு டகோட்டா வழக்கு. மது வாங்கும் குறைந்தபட்ச வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 விழுக்காட்டைப் பிடித்தம் செய்யும் சட்டத்தை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் வரம்புகளை வகுத்தது: நிபந்தனை பொது நலனுக்கானதாக இருக்க வேண்டும், மாநிலம் எதற்கு ஒப்புக்கொள்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும், அந்த நிதியின் நோக்கத்தோடு நிபந்தனைக்குத் தொடர்பு இருக்க வேண்டும், அரசமைப்பின் வேறு எந்தப் பிரிவுக்கும் முரணாக இருத்தல் கூடாது. தூண்டுதல் கட்டாயமாக மாறிவிடக் கூடாது என்றும் கூறியது. அந்தக் கடைசி வரம்பு 2012 வரை ஏட்டளவிலேயே இருந்தது. மருத்துவ உதவித் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலங்கள் ஏற்கெனவே பெற்றுவரும் மருத்துவ நிதி முழுவதையும் இழக்கும் என்ற ஏற்பாட்டை, தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தலையில் துப்பாக்கியை வைப்பதற்கு ஒப்பிட்டார். நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

இப்போது பைர்ன் மானியத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 1988-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு சாட்சியின் வீட்டைக் காவல் காத்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட எட்வர்ட் பைர்ன் என்ற இளங்காவலரின் நினைவாகப் பெயரிடப்பட்ட மானியம் அது. மக்கள்தொகையையும் வன்முறைக் குற்றங்களின் அளவையும் கொண்ட ஒரு சூத்திரத்தின்படி பிரிக்கப்படுகிறது. 60 விழுக்காடு மாநிலத்துக்கும் 40 விழுக்காடு நேரடியாக உள்ளாட்சிகளுக்கும் செல்கிறது. காவல், அரசு வழக்கு நடத்துதல், நீதிமன்றம், போதை மறுவாழ்வு என்று பலவற்றுக்கும் செலவிடலாம். பிணை முறையோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று வாதிடுவது எளிது. ஒரு மாநிலத்தின் மொத்த வரவு செலவுத் திட்டத்தில் இது மிகச் சிறிய பங்கு என்பதால், கட்டாயப்படுத்துதல் என்ற குற்றச்சாட்டும் எழாது.

ஆனால் அதே காரணத்தால் இந்த நெம்புகோலுக்கு வலுவும் இல்லை, கயல்விழி அவர்களே. இதற்கு நேரடி அனுபவம் இருக்கிறது. பாலியல் குற்றவாளிகளைப் பதிவு செய்வது குறித்த 2006-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் தரங்களை நிறைவு செய்யாத மாநிலங்கள் பைர்ன் மானியத்தில் 10 விழுக்காட்டை இழக்கும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தும் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் அந்தத் தரங்களை எட்டவில்லை. செயல்படுத்த ஆகும் செலவையும் இழக்கும் மானியத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, இழப்பதே மலிவு என்று முடிவு செய்த மாநிலங்களும் உண்டு. மானியம் சிறியதாக இருந்தால் மாநிலம் அசைவதில்லை. அசைக்கும் அளவுக்குப் பெரியதாக்கினால் நீதிமன்றம் அனுமதிக்காது.

பதிவு 6: நிலவன்

மாறன்வழுதி ஐயா, ஒரு கேள்வி. 2025 ஆணையும் இதே அளவுகோலில்தான் பார்க்கப்படுமா?

பதிவு 7: மாறன்வழுதி

அதற்கு முன்பே ஒரு தடை அதன் வழியில் நிற்கிறது. நிபந்தனையை விதிக்கும் அதிகாரம் யாருடையது என்பதே அந்தத் தடை. நிதியை ஒதுக்குவது நாடாளுமன்றத்தின் வேலை; நிபந்தனையும் அங்கிருந்தே வர வேண்டும். 2017-இல் அன்றைய அட்டர்னி ஜெனரல், குடியேற்ற அதிகாரிகளோடு ஒத்துழைக்காத நகரங்களுக்கு இதே பைர்ன் மானியத்தில் புதிய நிபந்தனைகளைச் சேர்த்தார். சிகாகோ தொடுத்த வழக்கில் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில், வட்டாரவாரியாக உள்ள கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஒன்று) 2018-இலும், பிலடெல்ஃபியா வழக்கில் மூன்றாவது வட்டம் 2019-இலும் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூறின. நியூயார்க்கில் உள்ள இரண்டாவது வட்டம் மட்டும் 2020-இல் மாறாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அந்த முரணைத் தீர்ப்பதற்குள் 2021-இல் ஆட்சி மாறி, வழக்குகள் முடித்துக்கொள்ளப்பட்டன. ஆகவே கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. ஆயினும் நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கும் ஓர் அதிபரின் ஆணைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பாரிவேள் இரண்டையும் ஒரே கருவி என்று எழுதியது முழுவதும் சரியன்று.

பதிவு 8: எழிலரசி

நான் இல்லினாய் மாநிலத்தில் வசிக்கிறேன். பிணை விசாரணைகளை நேரில் கவனித்துக் குறிப்பெடுக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போய் வருபவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

எங்கள் மாநிலம் பிணை முகவர் தொழிலை 1963-லேயே தடை செய்துவிட்டது. அதன் பிறகு விதிக்கப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கை நீதிமன்ற எழுத்தரிடமே கட்டும் வழக்கம் வந்தது. முகவர் போனார், ஆனால் கட்ட முடியாதவர் உள்ளேயே இருந்தார். 2021 பிப்ரவரியில் ஆளுநர் பிரிட்ஸ்கர் கையெழுத்திட்ட சட்டம் ரொக்கப் பிணையை முழுமையாக நீக்கியது. மாநில உச்ச நீதிமன்றம் 2023 ஜூலை 18 அன்று 5-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அது செல்லும் என்றது. செப்டம்பர் 18 அன்று நடைமுறைக்கு வந்தது. முழு மாநிலமும் இப்படிச் செய்தது நாட்டில் அதுவே முதல் முறை.

நடைமுறையில் என்ன மாறியது? முன்பு ஒருவருடைய விடுதலை பற்றிய விசாரணை ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு தொகை சொல்லப்படும், அடுத்த வழக்கு அழைக்கப்படும். இப்போது ஒருவரைக் காவலில் வைக்க விரும்பும் அரசு வழக்கறிஞர் முறைப்படி மனு அளிக்க வேண்டும். அவர் மீதான வழக்குக்கும், அவரால் விளையும் ஆபத்துக்கும், வேறு எந்த நிபந்தனையும் போதாது என்பதற்கும் தெளிவான, நம்பத்தக்க சான்றுகளைக் காட்ட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இருக்க வேண்டும். விசாரணை நீள்கிறது, காரணம் எழுத்தில் பதிவாகிறது. சிறையில் வைக்கப்படுபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், ஆனால் ஏன் வைக்கப்பட்டார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. லயோலா பல்கலைக்கழகத்தினர் முதல் ஆண்டை ஆராய்ந்தபோது சிறைகளில் இருப்போர் எண்ணிக்கை குறைந்திருந்தது. வாய்தாவுக்கு வராததற்காகப் பிறப்பிக்கப்படும் பிடியாணைகள் கூடவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசும் இந்த இழையில் நான் வலியுறுத்த விரும்புவது இதுதான். இந்த விசாரணைகளை நடத்த ஆட்கள் வேண்டும். சிறிய கவுண்டிகள் பலவற்றில் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரோ இருவரோதான். விடுவிக்கப்பட்டவரைத் தொடர்புகொண்டு வாய்தாவை நினைவூட்டவும், வேலை, சிகிச்சை போன்றவற்றுக்கு வழிகாட்டவும் விசாரணைக்கு முந்தைய சேவை அலுவலர்கள் வேண்டும். அதே நேரத்தில் பிணைத்தொகையிலிருந்து கவுண்டிகள் பிடித்துவைத்துக்கொண்டிருந்த வருவாயும் நின்றுவிட்டது. செலவு கூடியபோதே வரவு குறைந்தது. மாநிலம் நிதி ஒதுக்கியதால்தான் இது ஓடியது. எனவே ரொக்கப் பிணையைக் கைவிட விரும்பும் ஓர் ஏழைக் கவுண்டிக்கு முதல் தேவை பணம்தான். அவர்களிடமிருந்து மானியத்தைப் பறிப்பது நோக்கத்தையே கெடுக்கும்.

2025 ஆணை வந்தபோது இங்குள்ள உள்ளாட்சி அதிகாரிகளை வாட்டிய கவலையும் பணம்தான். எது நிற்கும், எது நிற்காது என்று தெரியாமல் யாரால் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை எழுத முடியும்?

பதிவு 9: வைகைச்செல்வன்

மதுரையில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். முதல் தேவை பணம்தான் என்று எழிலரசி அவர்கள் எழுதியதைப் படித்தபோது இங்குள்ள ஒன்றைச் சொல்லத் தோன்றியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1978-இல் மோதி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதைக் கடுமையாகக் கண்டித்தது. 2005-இல் சட்டமே திருத்தப்பட்டு, பிணையில் விடத்தக்க குற்றங்களில் ஜாமீன்தாரர் கொடுக்க வழியில்லாத ஏழையைச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்றாயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் ஜாமீன் உத்தரவு கிடைத்து, ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பவர்கள் உண்டு. 2023-இல் ஒன்றிய அரசு ஏழைச் சிறைவாசிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றை அறிவித்தது. அப்போதைய விதிகளின்படி விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை பிணைத்தொகையை அரசே கட்டலாம். ஆனால் அது பிணைத்தொகை என்ற முறையைத் தொடாமல், அந்தத் தொகையைப் பொதுப்பணத்திலிருந்து கட்டுகிறது. அமெரிக்காவில் மானியம் எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணம் எதை மாற்றுவதற்காக என்று சட்டத்திலேயே எழுதாவிட்டால், பழைய முறையைப் பராமரிக்கவே அது செலவாகும்.

பதிவு 10: தென்னவன்

எழிலரசி அவர்களின் பதிவு எனக்குப் பயன்பட்டது. ரொக்கப் பிணையின் இடத்தில் உண்மையான விசாரணை வருமானால் என் எதிர்ப்பில் பெரும்பகுதி நீங்கிவிடும். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1984-ஆம் ஆண்டுச் சட்டமே, ஒருவரைக் காவலில் வைப்பதில் போய் முடியும் பண நிபந்தனையை விதிக்கக் கூடாது என்று நீதிபதிகளைத் தடுக்கிறது. அதே சட்டம், ஆபத்தானவர் என்ற காரணத்தைக் காட்டிப் பிணையே இல்லாமல் உள்ளே வைக்கவும் வழி செய்தது. 1987-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. விளைவு என்ன? 1980-களின் தொடக்கத்தில் காவலில் வைக்கப்பட்டவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. குடியேற்ற வழக்குகளையும் சேர்த்துக்கொண்டால், அண்மை ஆண்டுகளில் அது நான்கில் மூன்று பங்கை எட்டியிருக்கிறது. பணம் போனது, சிறைக் கதவு திறக்கவில்லை. “ரொக்கப் பிணையை ஒழித்துவிட்டோம்” என்று ஒரு மாநிலம் எழுதிக் கொடுத்தால் மானியம் தருவோம் என்றால், இதே விளைவுக்கும் மானியம் கொடுத்தவர்கள் ஆவோம் அல்லவா?

பதிவு 11: கயல்விழி

இந்த இழையில் வந்த எதிர்ப்புகளில் இதற்கு விடை சொல்வதே எனக்குக் கடினமாக இருந்தது. மிகவும் பயனுள்ளதும் இதுவே. தென்னவன் அவர்களுக்கு நன்றி. நிபந்தனையை ரொக்கம் என்ற சொல்லின் மீது வைக்கக் கூடாது, காவலில் வைக்கும் நடைமுறையின் மீது வைக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். கலிஃபோர்னியாவின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 2018-இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், பணத்துக்குப் பதிலாக ஆபத்து மதிப்பீட்டுக் கருவிகளை (ஒருவர் வாய்தாவுக்கு வருவாரா, மீண்டும் குற்றம் செய்வாரா என்று தரவுகளைக் கொண்டு கணிப்பவை) வைத்தது. பிணைத் தொழிலினர் அதைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டு சென்றார்கள். அவர்களோடு, அக்கருவிகள் கறுப்பின மக்களுக்கு எதிராகச் சாயும் என்று கருதிய உரிமை அமைப்புகள் சிலவும் எதிர்த்தன. 2020 நவம்பரில் வாக்காளர்கள் ஏறத்தாழ 56 விழுக்காட்டு வாக்குகளால் அந்தச் சட்டத்தைத் தள்ளினார்கள்.

ஆனால் தண்டனையே கூடாது என்ற பாரிவேள் அவர்களின் நிலையை ஏற்கவில்லை. கொடை மட்டும் தந்தால், ஏற்கெனவே மாற விரும்பும் மாநிலங்கள்தாம் வாங்கிக்கொள்ளும். பிணை முகவர்கள் வலுவாக இருக்கும் மாநிலங்கள் கையை நீட்டப்போவதில்லை. அங்கே சிறையில் இருப்பவருக்கு நாம் என்ன சொல்வது?

பதிவு 12: பாரிவேள்

மாறன்வழுதி ஐயா காட்டிய வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன்: நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் வேறு, அதிபர் ஆணை வேறு. ஆனால் சட்டத்தையும் அடுத்த நாடாளுமன்றம் திருத்தலாம் என்பதால் என் அச்சம் முற்றிலும் நீங்கவில்லை.

இந்த உரையாடலுக்குப் பிறகு எத்தகைய மானியத்தை நான் ஆதரிப்பேன் என்று எழுதிவிடுகிறேன். முதலாவதாக, அது பைர்ன் மானியத்தைத் தொடக் கூடாது. புதிய நிதியாக இருக்க வேண்டும். பிணைச் சட்டத்தை எழுதுவது மாநிலச் சட்டமன்றம். பைர்ன் நிதி நின்றால் வாடுவது ஏதோ ஒரு சிற்றூரின் காவல் நிலையமும் மறுவாழ்வு மையமும். தவறு செய்பவர் ஒருவர், தண்டனை பெறுபவர் வேறொருவர் என்று ஆகிவிடும். இரண்டாவதாக, நிதி எதற்கு என்பது சட்டத்திலேயே இருக்க வேண்டும்: காவலில் வைப்பது குறித்த விசாரணையின்போது உடனிருக்கும் வழக்கறிஞருக்கு, விசாரணைக்கு முந்தைய சேவை அலுவலருக்கு, வாய்தா நினைவூட்டலுக்கு. கடைசியாகச் சொன்னதை அற்பமாக எண்ண வேண்டாம். நியூயார்க் நகரில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பியதாலேயே வராமல் போனவர்களின் எண்ணிக்கை 21 விழுக்காடு குறைந்தது. வராதவர்களில் பலர் தப்பி ஓடியவர்கள் அல்லர்; மறந்தவர்கள், விடுப்புக் கிடைக்காதவர்கள், குழந்தையை யாரிடம் விடுவது என்று தெரியாதவர்கள். மூன்றாவதாக, தென்னவன் அவர்களின் கேள்விக்கு விடையாக, வழக்கு விசாரணைக்கு முன்பே காவலில் வைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் காவலின் கால அளவையும் மாநிலம் ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். அது குறையாமல் ரொக்கம் மட்டும் போயிருந்தால் அடுத்த தவணை இல்லை.

நான்காவது ஒன்றும் உண்டு. நிதி தொடர்ந்து வர வேண்டும். நியூ ஜெர்சி 2017-இல் மாறியபோது ரொக்கப் பிணை ஏறக்குறைய மறைந்தது; முதல் ஆண்டில் 44,000-க்கும் மேற்பட்டவர்களில் 44 பேருக்கு மட்டுமே பணம் விதிக்கப்பட்டது. 2015 முடிவிலிருந்து 2018 முடிவுக்குள் விசாரணைக்காகக் காத்திருந்த சிறைவாசிகள் ஏறத்தாழ 44 விழுக்காடு குறைந்தார்கள். இவ்வளவு வெற்றி பெற்ற திட்டத்தின் செலவை நீதிமன்றக் கட்டணங்களிலிருந்து எடுக்க ஏற்பாடு செய்திருந்ததால், அது பற்றாக்குறைக்குள் போகிறது என்று அம்மாநில நீதித்துறையே எச்சரிக்க வேண்டி வந்தது. ஒரு முறை கொடுத்துவிட்டு விலகும் மானியம் கவுண்டிகளை நடு வழியில் விட்டுவிடும்.

கயல்விழி அவர்களின் கடைசிக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. மறுக்கும் மாநிலத்தில் சிறையில் இருப்பவருக்கு, மானியத்தைவிட நீதிமன்றமே விரைவாக உதவும் என்பது என் கருத்து. நீங்கள் சொன்ன ஹாரிஸ் கவுண்டியிலேயே அதுதான் நடந்தது. 2017-இல் கூட்டாட்சி நீதிபதி லீ ரோசன்தால், சிறு குற்றங்களுக்குப் பணம் கேட்டுச் சிறையில் வைத்த முறை அரசமைப்புக்கு முரணானது என்றார்; 2019-இல் கவுண்டி உடன்படிக்கைக்கு வந்தது. எந்த மானியமும் அங்கே தேவைப்படவில்லை.

பதிவு 13: கயல்விழி

நீதிமன்ற வழி ஒரு கவுண்டியைத் திருத்தியது. அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு, ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இருந்தாலும் ஓர் இடத்தில் என் நிலையை மாற்றிக்கொள்கிறேன். எல்லா மாநிலங்களுக்கும் ஒரே காலக்கெடு வைத்து, அதற்குள் மாறாவிட்டால் பிடித்தம் என்ற ஏற்பாடு சரியாக இராது. பல மாநிலங்களின் அரசமைப்பிலேயே, மரண தண்டனைக்குரிய குற்றங்களைத் தவிர மற்றவற்றில் ஜாமீன்தாரர் தந்தால் பிணை உரிமை உண்டு என்ற பிரிவு இருக்கிறது. அங்கே ரொக்கத்தை நீக்கிவிட்டு, ஆபத்தானவரை விசாரித்துக் காவலில் வைக்கும் முறையைக் கொண்டுவர வேண்டுமானால் அரசமைப்பைத் திருத்தி மக்களின் வாக்கைப் பெற வேண்டும். நியூ ஜெர்சி அதற்காகவே 2014 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தியது. சட்டம் நடைமுறைக்கு வர 2017 ஜனவரி வரை ஆயிற்று. மாற விரும்பிய மாநிலத்துக்கே அவ்வளவு காலம் பிடித்தது. ஆகவே பிடித்தம் இருக்கட்டும். ஆனால் திருத்தத்தை வாக்காளர் முன் வைக்கவே மறுக்கும் மாநிலத்துக்கு மட்டும் இருக்கட்டும், அதுவும் பாரிவேள் அவர்கள் சொன்ன புதிய நிதியிலிருந்து மட்டும் இருக்கட்டும். காவல் நிலையத்தின் பணத்தைத் தொட வேண்டாம் என்பதில் இப்போது நாம் இருவரும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம்.